நிலத்தை விடாத வாண்டல்கள்

செவ்வாய், கராமா.

டியூட்டி முடிந்து வந்ததும் மகள் ஜெனி பிடித்துக்கொண்டாள். நாளை வகுப்பில் வாண்டல் கூட்டத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம். நான் உட்கார்ந்து கேட்க வேண்டுமாம். ஐரோப்பாவில் பிழைக்க வழியில்லாமல் கிளம்பிய கூட்டம், ஸ்பெயின் வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்காவில் ராஜ்ஜியம் அமைத்தது என்றாள்.

அப்போது ஊரிலிருந்து தம்பியின் போன்.

"அண்ணே, நீங்க துபாய்லயே செட்டில் ஆயிட்டீங்க. நம்ம அஞ்சு சென்ட்ல உங்க பங்கையும் எனக்கே எழுதித் தந்துருங்களேன்."

நியாயமாகத்தான் பட்டது. சரியென்று சொல்ல வாயெடுத்தேன். ஜெனியோ நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"பழைய ஊர்லயே தங்கிட்ட சொந்தக்காரங்க வாண்டல் கிங் கைசெரிக் கிட்ட ஆள் அனுப்பி, நீங்க விட்டுட்டுப் போன லேண்டை எங்களுக்கே கொடுங்கன்னு கேட்டாங்க. கிங் ஓகே சொல்லப் போனார். ஒரு ஓல்ட் மேன் எழுந்து, கூடாது, நாளைக்கே நாம திரும்பிப் போக வேண்டி வரலாம்னு தடுத்துட்டார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தர முடியாதுடே," என்றேன் தம்பியிடம். "திரும்பி வரவேண்டி இருக்கும்னு ஒரு பெரியவரு சொல்லுதாரு."

"எந்தப் பெரியவரு? உங்க பில்டிங்கா?"

"இல்ல, ஆப்பிரிக்கா."

அவன் போனை வைத்துவிட்டான்.

"அப்பா, இன்னும் முடியல," என்றாள் ஜெனி. அந்தப் பெரியவரைப் பார்த்து மற்ற எல்லாரும் சிரித்தார்களாம். நூறு வருஷம் கழித்து ராஜ்ஜியம் போனபோது, பழைய நிலத்துக்குத் திரும்பிப் போனவர் ஒருவரும் இல்லையாம்.

மீதிக் கதை சித்தப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு படுக்க வந்திருக்கிறேன்.