கடையில் ஈ

மார்ச் 3, திங்கள்
விற்க வைத்திருந்த சீஸ் கட்டியை வெட்டினேன். உள்ளிருந்து வெள்ளையாக ஒரு புழு. நெளியவில்லை — குதித்தது! நேரே தராசுத் தட்டில் போய் விழுந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் சொன்னால், "புழு எங்கயாவது குதிக்குமாம்மா? முதல்ல கண்ணாடிய மாத்துங்க" என்கிறார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மார்ச் 4
கண்ணில் கோளாறு இல்லை. எள்ளளவு கறுப்பு ஈக்கள், அலமாரிக்குள்ளேயே. அண்ணனுக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன்: "கடையில ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்ணா. என்ன பண்றதுன்னே தெரியல." இந்தக் கடை தேறும் என்று வீட்டில் சொன்ன ஒரே ஆள் அவன். "புதுக்கடைன்னா அப்படித்தாம்மா. நான் பாத்துக்கறேன்" என்றான். புதுக்கடைக்கும் ஈக்கும் என்ன சம்பந்தம்? மருந்தடிக்க ஆள் அனுப்புவான் போல.

மார்ச் 5
மருந்து ஆள் வரவில்லை. எந்தக் கட்டியில் புழு, எதில் இல்லை — வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 6
ஆட்கள் வந்தார்கள். மருந்தோடு அல்ல, பையோடு! அண்ணனின் ஆபீஸே திரண்டு வந்த மாதிரி. "உங்க அண்ணன்தான் அனுப்புனாரு. எல்லா வகையிலயும் கொஞ்சம் குடுங்க." ஈ என்று சொன்னால் வாங்க ஆள் அனுப்புகிறானே! புத்தி பேதலித்தது அவனுக்கா, எனக்கா? கொடுத்தால் யார் வீட்டுத் தட்டிலாவது துள்ளும். கொடுக்காவிட்டால் அண்ணன் மானம் போகும். கத்தி கையிலேயே நின்றது. "இன்னைக்கு வியாபாரம் இல்லீங்க" என்று ஷட்டரை இழுத்துவிட்டேன். ஐயோ, என்ன காரியம் செய்தேன்?

மார்ச் 7
அண்ணன் போனில் கத்தினான். "ஈ ஓட்டறேன்னு அழுத. ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சி அனுப்பி வச்சா, மூஞ்சில அடிச்ச மாதிரி கடையச் சாத்தறியே!"

"ஈ ஓட்டறேன்னுதானே சொன்னேன்? வியாபாரம் இல்லன்னா சொன்னேன்?"

அண்ணன் மெல்ல, "நெஜ ஈயா?" என்றான்.

சிரித்தேனா, அழுதேனா, தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
அண்ணன் வந்தான். சரக்கு முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம். அலமாரியை வெந்நீர் ஊற்றித் தேய்த்தோம். சீஸ் செய்து தருபவர் வந்து பார்த்து, "இது சீஸ் ஈங்க. இதோட புழு துள்ளத்தான் செய்யும்" என்றார். தையல்காரர் காதில் விழும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

மார்ச் 17, திங்கள்
கடை திறந்தோம். எல்லாம் புதுச் சரக்கு. புழுச் சங்கதி தெரிந்தபின் ஊர் வாய் சும்மா இருக்குமா? தையல்காரர் எட்டிப் பார்த்ததோடு சரி, வேறு யாரும் வரவில்லை. அண்ணன் லீவு போட்டுவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் வரை இரண்டு பேரும் ஈ ஓட்டினோம். கடையில் ஈ ஒன்றுகூட இல்லை.