எரிகோவுக்கு உள்ளே இருந்தவர்கள்

துன்
சுவிஸ், 6 மார்ச் 2011

மதிப்புக்குரிய பாஸ்ரர் தயாநிதி அவர்களுக்கு,

கட்டின பெண்சாதி இப்பிடி எழுதினது சுட்டிருக்கும். சுடட்டும். இத்தனை வருசம் "இஞ்சாருங்கோ" எண்டு கூப்பிட்ட வாய்க்கு இப்ப அது வருகுதில்லை.

எனக்குப் போன் எடுத்துக் கதைக்காதேங்கோ. போனிலை நீங்கள் நடுவிலை செபம் பண்ணத் தொடங்கிடுவியள், நானும் ஆமென் சொல்லிப்போட்டு வைக்க வேண்டிவரும். கடுதாசியிலை அந்தக் கரைச்சல் இல்லை.

நான் சுகம். ஹொட்டேலிலை இன்னும் சலவைப் பகுதியிலைதான் நிக்கிறன். நாள் முழுக்க வெள்ளை பெட்சீற்தான். அறை சின்னன், சன்னலாலை ஏரி தெரியும். தெரிஞ்சென்ன, கதைக்க ஒரு ஆளில்லை. ஒருநாள் மெசினோடை தமிழிலை கதைச்சுப்போட்டன். கூட வேலை செய்யிற போர்த்துக்கீசப் பெட்டை விழுந்து விழுந்து சிரிச்சாள். நானும் சிரிச்சுப்போட்டு, பிறகு கழிவறைக்குள்ளை போய் அழுதன்.

உங்கடை சபையிலை இருந்து இராஜேஸ்வரியக்கா போன் எடுத்தவ. மே மாத நினைவு ஆராதனையிலை திரும்பவும் எரிகோப் பிரசங்கம்தானாம். உங்களுக்கென்ன விசரோ?

2009 மே மாதம் நாங்கள் செய்த கூத்தை மறந்திட்டியளோ? வேதத்திலை யோசுவாவின்ரை சனம் எரிகோப் பட்டினத்தை ஏழு நாள் சுத்தி நடந்து, ஏழாம் நாள் ஆர்ப்பரிக்க மதில் விழுந்ததாம். அதே மாதிரி நாங்களும் நடந்தா வன்னியிலை எங்கட சனம் தப்புமெண்டு சொல்லி, வாடகைக்கு எடுத்த மண்டபத்தைச் சுத்தி ஏழு நாள் எங்களை நடத்தினியள். கடைசி நாள் போட்ட சத்தத்திலை பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரி பொலிசைக் கூப்பிட்டவள். நானும்தான் தொண்டை கிழியக் கத்தினனான். அந்தக் கிழமைதான் முள்ளிவாய்க்காலிலை என்ரை தம்பி சஞ்சீவ் செத்தவன்.

பிறகுதான் யோசிச்சன். மதிலுக்கு வெளியிலை நிண்டு சுத்தின ஆக்கள் நாங்களில்லையப்பா. அடைபட்ட ஊருக்குள்ளை இருந்ததுதான் எங்கட சனம். யோசுவா நாங்கள் எண்டு நினைச்சுக் கத்தினம், எரிகோவே நாங்கள்தான்.

ஒண்டே ஒண்டு கேக்கிறன். நீங்கள் எப்பவும் மதில் விழுந்த வசனத்தோடை வேதத்தை மூடிடுவியள். அதுக்கு அடுத்த வசனத்தையும் சபையிலை சத்தமா வாசியுங்கோ. ஊருக்குள்ளை இருந்த ஆம்பிளை பொம்பிளை, கிழடு குஞ்சு, ஆடு மாடு எல்லாத்தையும் வாளாலை வெட்டினது எண்டு கிடக்கல்லோ, அதை. வாசிச்சியளெண்டா நான் வீட்டை வாறன்.

பிரசர் குளிசையை நேரத்துக்குப் போடுங்கோ.

சுஜீவா


ஷ்லீரன்
20 மார்ச் 2011

அன்பின் சுஜீவாவுக்கு,

கர்த்தர் கிருபையிலை உயிரோடை இருக்கிறன். சுகமெண்டு எழுதக் கை வரேல்லை.

உம்மடை கோவம் எனக்கு விளங்குது. ஆனா அந்த வசனத்துக்கு விளக்கம் இருக்கு. அந்த நாட்டுச் சனம் பெத்த பிள்ளையளைப் பலி குடுத்த சனம், கடவுள் தலைமுறை தலைமுறையாப் பொறுத்துப் பாத்தவர். அது அந்த ஒரு காலத்துக்கு மட்டும் குடுத்த கட்டளை. பிறகு வந்த யூத குருமாரே, அந்த இனங்கள் எல்லாம் கலந்து போச்சு, இனி அந்தக் கட்டளை ஆர் மேலையும் செல்லாது எண்டு பூட்டிப்போட்டினம். எங்கட திருச்சபைப் பெரியவையும் சண்டையைச் சும்மா அவிட்டு விடேல்லை. நியாயமான காரணம் வேணும், அதிகாரம் உள்ளவர் அறிவிக்க வேணும், வெறுப்பிலை கொல்லக் கூடாது எண்டு வரம்பு கட்டினவை. வேதாகம வகுப்பிலை இதெல்லாம் படிச்சனான்.

சனம் கிழமை முழுக்கக் கிளீனிங் வேலை செய்து முதுகு முறிஞ்சு ஞாயிறு ஆறுதலுக்கு வருகுது. அதுகளுக்கு வெட்டினதையும் கொத்தினதையும் வாசிக்கச் சொல்லுறீர். நான் என்னெண்டு வாசிக்கிறது?

வீடு வெறிச்செண்டு கிடக்கு. ஒரு சுண்டு அரிசி போட்டா ரெண்டு நாளைக்குக் காணும். உம்மடை செருப்பை வாசலிலை இருந்து நான் எடுக்கேல்லை. படிக்கட்டிலை சாமான் வைக்கக் கூடாதெண்டு கட்டிடம் பாக்கிற ஹவுஸ்வார்ட் ரெண்டு தரம் வந்து சத்தம் போட்டிட்டான். நாளைக்கு எடுக்கிறன் எண்டு சொல்லிச் சொல்லி விட்டிருக்கிறன். வாரும் சுஜீவா.

உம்மடை
தயாநிதி


துன்
3 ஏப்ரல் 2011

பாஸ்ரருக்கு,

பூட்டினதெண்டு தெரியுமெண்டா நீங்கள் ஏன் திறந்தனீங்கள்?

உங்களுக்கு முந்தியும் திறந்திருக்கினம். போன கிழமை ரீவியிலை ஜெர்மன் பாசையிலை ஒரு படம் போச்சுது. சிலுவைப்போர்க்காரர் ஜெருசலேமைச் சுத்தி வெறுங்காலோடை, பாதிரிமார் முன்னாலை நடக்க, ஊர்வலம் போனவையாம். எங்களை மாதிரித்தான், எரிகோவை நினைச்சுக்கொண்டு. ஒரு கிழமையிலை உள்ளை பூந்து வெட்டினவை. வெட்டுப்பட்டதிலை முஸ்லிம் சனத்தோடை யூதரும் இருந்தவை. யோசுவாவின்ரை சொந்தச் சனம் அந்த முறை மதிலுக்கு உள்ளை.  உங்கடை வரம்பு கட்டின பெரியவை அந்த நேரம் எங்கை போனவை?

இன்னொண்டும் கேளுங்கோ. எரிகோவிலை ஒரேயொரு வீடு தப்பினது. ராகாப் எண்ட பொம்பிளை சன்னலிலை சிவப்புக் கயிறு கட்டினவள், யோசுவாவின்ரை ஆக்கள் அதைப் பாத்து உயிரோடை விட்டவங்கள். சஞ்சீவ் கடைசியாப் போனிலை என்ன சொன்னவன்? "வெள்ளை பெட்சீற்றைக் கிழிச்சு பங்கர் வாசலிலை கட்டியிருக்கிறம் அக்கா, அவங்கள் காணுவாங்கள், பயப்பிடாதை" எண்டான். ஒருத்தரும் காணேல்லை. நான் இஞ்சை ஒவ்வொரு நாளும் வெள்ளை பெட்சீற் மடிக்கிறன்.

விளக்கம் எழுதாதேங்கோ. வாசியுங்கோ.

சுஜீவா


ஷ்லீரன்
17 மே 2011

அன்பின் சுஜீவாவுக்கு,

வாசிச்சன்.

அதுக்கு முதல் நாள் சூரிச்சுக்குப் போனனான். ஆத்தங்கரையிலை, இஞ்சத்தைத் திருச்சபையைத் திருத்தின ஸ்விங்கிளியின்ரை சிலை நிக்குதல்லோ, ஒருக்கா நாங்கள் ரெண்டு பேரும் முன்னாலை நிண்டு படம் எடுத்தம். அண்டைக்கு ஒரு கையிலை இருந்த வேதத்தை மட்டும்தான் பாத்தனான். இந்த முறை மற்றக் கையைப் பாத்தன், வாள். அஞ்சூறு வருசத்துக்கு முந்தி என்னை மாதிரி ஒரு பிரசங்கியார்தான். கத்தோலிக்கரோடை சண்டைக்குப் போய், அந்தக் களத்திலையே வெட்டுப்பட்டுச் செத்தவர். கன நேரம் நிண்டன், மழையும் தூறிச்சுது. வீட்டை வந்து சாப்பிட மனம் வரேல்லை.

ஞாயிறு நினைவு ஆராதனைக்கு மண்டபம் நிறைஞ்ச சனம். மதில் விழுந்த வசனம் முடிய, வழக்கம் போல "அல்லேலூயா" எண்டு கையைத் தூக்கிச்சினம். நான் நிப்பாட்டேல்லை. அடுத்த வசனத்தை வாசிச்சன். கிழவரும் குழந்தையும் எண்டு வந்த இடத்திலை புத்தகத்தைக் கீழை வைச்சிட்டன். தண்ணி குடிச்சிட்டுத் திரும்பவும் முதலிலை இருந்து வாசிச்சன்.

 பிறகு இராஜேஸ்வரியக்கா எழும்பினா. ரெண்டு பிள்ளையளையும் வன்னியிலை சாகக் குடுத்த மனுசி. "பாஸ்ரர், அப்ப என்ரை பிள்ளையளையும் கடவுள்தான் வெட்டச் சொன்னவரோ?" எண்டு கேட்டா. சத்தம் போடேல்லை, கடையிலை விலை கேக்கிற மாதிரிக் கேட்டா. என்ரை விளக்கம் முழுக்க வாய்க்குள்ளை வந்து நிண்டுது.  "தெரியாதக்கா" எண்டன்.

பாட்டுக்காரப் பெடியள் கிற்றாரைக் கழட்டி வைச்சிட்டுப் போட்டினம். பாதிச் சனம் தேத்தண்ணியும் குடியாமல் போட்டுது. நேற்றுச் சபை நிர்வாகம் கூடினது. கொஞ்சக் காலம் நான் ஓய்வெடுக்கட்டாம், வேற போதகர் பிரசங்கம் செய்வாராம். இனி ஞாயிற்றுக்கிழமையளிலை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை சுஜீவா. வாசிக்கேக்குள்ளை உம்மடை கதிரையைத்தான் பாத்தனான். அதிலை ஆரோ கோட்டைக் கழட்டிப் போட்டிருந்தினம்.

நீர் வருவீர் எண்டு வீட்டைக் கூட்டித் துடைச்சு வைச்சிருக்கிறன்.

உம்மடை
தயாநிதி


துன்
29 மே 2011

இஞ்சாருங்கோ,

கடுதாசி கிடைச்சுது. மெசின் ஓடுற சத்தத்துக்குள்ளை நிண்டு வாசிச்சன். உங்களை நினைச்சுப் பெருமையா இருந்தது. இதை நேரை சொல்லியிருக்க வேணும், வாய் வராது எனக்கு.

வாசிச்சா வாறன் எண்டு எழுதினது நான்தான். அண்டைக்கே பெட்டியை அடுக்கினன். ரயிலும் பாத்து வைச்சன். பெட்டிக்குப் பக்கத்திலை இருந்து, விடியிறவரைக்கும் எழும்பேல்லை.

நீங்கள் அந்த வசனத்தை வாசிச்சா சஞ்சீவ் எழும்பி வந்திடுவான் எண்டு எனக்குள்ளை ஒரு விசர் நினைப்பு இருந்திருக்கு. அது எனக்கே தெரியாது. நீங்கள் வாசிச்சிட்டியள். அவன் வரேல்லை.

உங்களிலை இப்ப கோவம் இல்லை. ஆனா கோவம் இருந்த நேரம் உங்களோடை மல்லுக்கட்ட எனக்கொரு ஆள் இருந்தது. இப்ப அதுவுமில்லை. உங்கடை முகத்தைப் பாத்தா எனக்கு அந்த மண்டபமும், நாங்கள் நடந்ததும், நான் கத்தினதும்தான் வரும். அதை வைச்சுக்கொண்டு ஒரு வீட்டுக்குள்ளை எப்பிடிச் சமைச்சுச் சாப்பிடுறது? என்னாலை ஏலாது. நீங்கள் பிழையில்லை, நல்ல மனுசன். சொன்ன சொல்லைக் காப்பாத்தாதவள் நான்தான்.

இராஜேஸ்வரியக்காவைப் போய்ப் பாருங்கோ. விளக்கம் சொல்லவேண்டாம், போய் இருங்கோ. குளிசையை விடாதேங்கோ. சோத்தை ரெண்டு நாள் வைச்சுச் சாப்பிடாதேங்கோ.

பெட்டியைப் பிரிச்சு உடுப்பெல்லாம் திரும்ப அலுமாரியிலை வைச்சிட்டன். வாசலிலை கிடக்கிற என்ரை செருப்பை எடுத்து உள்ளை வையுங்கோ. ஹவுஸ்வார்ட் திரும்பவும் வந்து சத்தம் போடப்போறான்.

சுஜீ