பத்து நிமிடத்தில் மறையும் அடையாளம்

அன்புள்ள அக்கா,

செவ்வாய்க்கிழமை காலை பனி அள்ளும் வண்டி ஓடுபாதையில் நிற்கும்போதே கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு விமானத்துக்கு இறங்க அனுமதி கொடுத்தாய். விமானி வண்டியைப் பார்த்து, இறங்காமல் ஃபியோர்டு கடற்கழியின் மேல் ஏறித் திரும்பிவிட்டார். நீ இன்னும் அறிக்கை எழுதவில்லை. எழுபத்திரண்டு மணி நேரக் கெடு நாளைக் காலையோடு முடிகிறது. தொலைபேசியில் கேட்டால், "உன் வேலையப் பாருடா" என்று வைத்துவிடுகிறாய். கோபுரத் திரைகளைப் பார்த்துக்கொள்பவனுக்கு இதுதான் வேலை.

வண்டியோட்டி தூர்கெய்ரைப் பார்த்தேன். "உங்கக்கா என்னைய விமானத்துக்குக் கம்பளமா விரிக்கப் பாத்தாப்பா. ஒரு காப்பி வாங்கித் தரச் சொல்லு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடம் பிசகாதவள் அன்று மட்டும் எப்படி மறந்தாய்?

கோபுரத்தின் திரைப்பதிவை ஓட்டிப் பார்த்தேன். வண்டிக்கான சிவப்பு அடையாளத்தைச் சரியாகவே வைத்திருக்கிறாய். பத்து நிமிடம் யாரும் தொடாததால் அது தானாக மறைந்திருக்கிறது. பதினொன்றாவது நிமிடம் அனுமதி தருகிறாய். முன்பெல்லாம் ஓடுபாதையில் வண்டி இருந்தால் மேசையில் சிவப்பு மரக்கட்டை வைப்பீர்கள். கையால் எடுத்தால்தான் போகும். திரையில் குப்பை சேரக் கூடாதென்று இந்த மறையும் ஏற்பாட்டைச் செய்தவன் நான். "கட்டை எந்திரிச்சுப் போகாதுடா" என்று நீ ஒருத்திதான் சொன்னாய். நான் கேட்கவில்லை.

என் தவறை இன்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த நிமிடம் உன் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று என்னால் எழுத முடியாது. நீ எழுதினால் உன் உரிமத்தை யாரும் தொடமாட்டார்கள். ஒளித்தால்தான் போகும்.

இதே திரை இன்னும் நான்கு கோபுரங்களில் ஓடுகிறது, அக்கா. அங்கேயும் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது.

உன் தம்பி