ஓதெத் பாடிய என் பாட்டு

1960 மார்ச் 7, திங்கள்

கலியபெருமாள் வாத்தியாருக்கு ஆவணியில் அறுபது முடிகிறது. அவர் மெட்டுப் போட்ட பாட்டுகளில் ஆறைப் பொறுக்கி, புது வாத்தியங்களோடு மறுபடி பதிந்து அவர் பேரில் மூன்று இசைத்தட்டு கொண்டுவரப் போகிறார்களாம். மெட்ராஸ் கம்பெனி ஆள் இராமதாஸ் வீடு தேடி வந்து சொன்னார். ஆறில் நான்கு, நான் பாடியவை. முதலாவது தோணிப் பாட்டு. பதினேழு வருஷத்துக்கு முன் ‘செல்வாம்பாள்’ என்று பேர் போட்டு வந்த என் முதல் தட்டு. எந்தப் புடவையில் மெட்ராஸ் போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

காப்பி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “பாடறது புதுக் கொரலும்மா. நீங்க பாட்டு வரிய எழுதிக் குடுத்தா போதும். வாத்தியாருக்கே ரெண்டாவது சரணம் மறந்து போச்சு.”

எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 9

தோணிப் பாட்டை யார் பாடப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. ஓதெத். உப்பளம் பேட்டையில் இருக்கும், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா பால் என்பவரின் மகள். இருபத்திரண்டு வயது. மாதா கோவிலில் பாடுகிறவள்.

மார்ச் 13, ஞாயிறு

கேட்டுவிட்டு வந்தேன். கோவிலுக்குள் போகவில்லை. வாசலில் பூக்காரியிடம் வெட்டிப் பேச்சு பேசிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அவள் குரல் உயரே போகிறது — முக்கல் இல்லை, முனகல் இல்லை. ஒரு இடத்திலாவது பிசிறு தட்டக்கூடாதா? தட்டவில்லை.

மார்ச் 15

குழம்பில் உப்புப் போடவில்லை. வீட்டுக்காரர் அப்படியே சாப்பிட்டுவிட்டு மில்லுக்குப் போனார்.

மார்ச் 29

வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியில் சாய்ந்து இளைத்துக்கொண்டிருந்தார். “எனக்கு மூச்சு பத்தல செல்வாம்பா. பாடனவ நீ. அந்தப் பொண்ணுக்கு நீயே சொல்லிக் குடுத்துடு.”

சரி என்று தலையாட்டினேன்.

ஏப்ரல் 3, ஞாயிறு

பூசை முடிந்து நேராக வந்தாள். செருப்பை வெளியே விட்டு, “அக்கா, உள்ள வரலாமா?” என்று கேட்டு நின்றாள். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்!

‘கரை வந்த தோணியே, யாரைக் கொண்டு வந்தாய்?’ — இதில் ‘யாரை’ என்ற இடத்தில் மெட்டு கிடுகிடுவென்று மேலே ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்காகத்தான் அன்றைக்கு எனக்குப் பேர் வந்தது. அதை அவள் வாயில் கேட்க என்னால் முடியாது.

கீழே இறக்கிச் சொல்லிக் கொடுத்தேன். வேண்டுமென்றேதான்.

நான்கு தடவை பாடிப் பார்த்தாள். “மெர்சி அக்கா” என்று நன்றி சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை உருவிக்கொண்டேன்.

ஏப்ரல் 5

மாட்டிக்கொள்வாள். வாத்தியார் எல்லார் எதிரிலும் கத்துவார். கத்தட்டுமே.

மே 11

வாத்தியார் வீட்டில் ஒத்திகை. இராமதாஸும் வாத்தியக்காரர்களும் இருந்தார்கள். ஓதெத் பாடினாள். அந்த இடம் வந்தது. குரல் இறங்கியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் கையைத் தூக்கி நிறுத்தினார். “யார் சொல்லிக் குடுத்தா இத?”

“செல்வாம்பா அக்கா.”

என்னைப் பார்த்தார். “நான் போட்டது மேல போவும். இது எறங்குது.”

கண்ணை மூடி அந்த வரியைத் தானே ஒரு தரம் முணுமுணுத்துப் பார்த்தார்.

“ஆனா தோணில போனவன் வரமாட்டான்னு தெரிஞ்சே கேக்கறாப்ல இருக்கு. எனக்கு அன்னிக்குத் தோணல பாரு. இப்படியே பதிஞ்சுடு இராமதாசு.”

எல்லாரும் ஓதெத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். என் சூது அவளுக்கு மாலையாகப் போய் விழுந்ததே!

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “தப்பா சொல்லிக் குடுத்தியா? நீ இப்ப அப்படித்தான பாடுற? அடுப்பங்கரையில தெனம் கேக்கறனே. மேல போவ முடியாம கீழ எறக்கிடுவ” என்றார்.

நானா? எப்போதிலிருந்து?

மே 12

பாடிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

மே 14

உப்பளம் போனேன். ஓதெத்திடம் சொல்லிவிட்டேன் — பொறாமையில் செய்தேன் என்று, அந்தச் சொல்லையே சொல்லி. அவள் முகம் சிவந்துவிட்டது. பிறகு, “அந்த மேல போற எடத்தப் பாடிக் காட்டுங்க அக்கா” என்றாள்.

பாடினேன். பாதியில் உடைந்தது. என் குரல் உடைவதை வேறு ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்று அந்த இடத்தை உயரத்தில் பாடினாள். நான் பாடியதைவிட நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் அவளைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போலிருந்தது.

“ரெண்டும் வருது. எத பாடட்டும்? நீங்களே சொல்லுங்க.”

“கீழயே பாடு” என்றேன். மேலே பாடினால் அது அவளுடையது. கீழே பாடினால் கொஞ்சமாவது என்னுடையது. அதற்காகத்தான் சொன்னேன். பெரிய மனசெல்லாம் இல்லை.

ஆகஸ்ட் 28

தட்டு வந்துவிட்டது. கடையில் போட்டார்கள். பக்கத்தில் நின்றவர், “பழசவிட இது தேவல” என்றார். ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். ‘பாடியவர்: ஓதெத்.’ என் பேர் எங்கும் இல்லை.

செப்டம்பர் 11, ஞாயிறு

கம்பெனியில் இன்னும் இரண்டு பாட்டு கேட்கிறார்களாம். இரண்டும் என் பழைய பாட்டுகள். ஓதெத் வந்தாள். “இந்தத் தடவ சரியா சொல்லிக் குடுப்பீங்களா?” என்றாள், முகத்தைப் பார்த்து.

சொல்லிக் கொடுத்தேன். எனக்கு எட்டாத இடங்களைக் கையை உயர்த்திக் காட்டினேன். அவள் ஏறிப் போனாள். எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் முடித்ததும், தேவையே இல்லாமல், “இன்னொரு தடவ பாடு” என்றேன்.