தட்டில் துடித்தது

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை துடித்தது.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

வழக்கம்போல வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு செல்களுக்குச் சாப்பாடு மாற்றப் போனேன். ஆய்வகத்தில் அப்படித்தான் சொல்வோம். பழைய இளஞ்சிவப்புத் திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஞாயிறு, காய்ச்சல், சொந்தக்காரர் கல்யாணம் எதுவும் அவற்றுக்குத் தெரியாது. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குக்கூட எங்களைவிட லீவு அதிகம்.

நுண்ணோக்கியில் குனிந்தபோது, செல்கள் வளரும் தட்டின் ஓரத்தில் ஓர் இடம் சுருங்கி விரிந்தது. என் கண்தான் சிமிட்டுகிறதோ என்று நினைத்தேன். மறுபடி சுருங்கியது. மறுபடி.

போன வருஷம் தம்பியின் முழங்கையிலிருந்து மிளகு அளவு தோல் எடுத்தோம். அந்தச் செல்களைப் பின்னோக்கி நடக்கவைத்து, இன்னும் எதுவாகவும் ஆகாத குருத்தணுக்களாக்கினோம். ஊரெல்லாம் ஸ்டெம் செல் என்கிறார்களே, அதுதான். அங்கிருந்து இதயத் தசையாக மாறச் சொல்லி அனுப்பினோம். எத்தனையோ வருஷமாக இந்த வேலை செய்கிறேன், யார் யாருடைய செல்களோ துடித்துப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் முழங்கைத் தோல், தான் இதயமாகவும் இருக்க முடியும் என்பதை இத்தனை காலம் மறக்காமல் வைத்திருந்ததே! அதுவும் இவன் முழங்கை. சின்ன வயதில் என் விலாவில் இடிப்பதற்கென்றே வளர்ந்த முழங்கை.

துடிப்பு ஒழுங்காக இல்லை. அவசரமாக இரண்டு, பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஒன்று. அவன் நெஞ்சில் இருக்கும் அதே கோளாறு. அப்பாவைக் கொண்டுபோனதும் அதுதான். எனக்கு வரவில்லை. அவனுக்கு வந்தது.

மார்ச் 4, புதன்

இன்றும் துடிக்கிறது. தேவையே இல்லாமல் நாலு தடவை போய்ப் பார்த்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

தம்பி வீட்டில் சாப்பாடு. அவன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதமாக ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. "ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் நான் சரி பண்ணினேன். இப்ப ஒரு மாடி ஏறவும் எனக்கு லிஃப்டு வேணும்" என்று அவனே சிரித்துக்கொள்கிறான்.

செல்கள் துடிப்பதைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"நான் இங்க இருக்கேன். அது அங்க துடிக்குதா?"

"ஆமாடா."

"என்னைக் கேக்காமலா?"

எல்லோரும் சிரித்தோம். தம்பி மகள் குட்டிதான் ரொம்ப நேரம் சிரித்தாள். அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்கும் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் போன வருஷமே சொன்னார். தம்பி மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம் அண்ணி? முழுசா குணமாக்க வைத்தியம் இல்லைன்னு நீங்களே சொல்றீங்க" என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் தம்பி ஒரு பளபளப்பான தாளை நீட்டினான். 'குருத்தணு ஊசி. மூன்றே ஊசியில் புது இதயம்.' ஏதோ ஒரு மருத்துவ மையம். அவன் ஏற்கெனவே நாள் குறித்துவிட்டான். அடுத்த மாதம்.

எங்கள் வார்த்தை. நாங்கள் ராப்பகலாக உட்கார்ந்து காப்பாற்றுகிற வார்த்தை, அவனுங்க தாள்ல தங்க எழுத்துல!

என்ன செல், எங்கிருந்து எடுத்தது, உள்ளே போய் என்ன செய்யும், யாராவது சோதித்தார்களா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவன் நிதானமாகச் சொன்னான்.

"அக்கா, அவன் குணமாகும்னு சொல்றான். நீ என்ன சொல்ற?"

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

இயக்குநர் கூட்டம் போட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சுருக்கமா'. யார் வாயைத் திறந்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். தன் முறை வந்தால் மட்டும் ஒரு மணி நேரம்.

விஷயம் இதுதான். எங்கள் ஆராய்ச்சிக்கு வரும் நிதி இந்த ஆண்டோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று ஒரு குழு முடிவெடுக்கும். அவர்கள் மாத இறுதியில் பொதுமக்களோடு சேர்ந்து வந்து பார்க்கப் போகிறார்கள்.

"ஜனங்களுக்குப் புரிஞ்சாத்தான் குழு அசையும். துடிக்கிற செல்லைக் காட்டுங்க. எப்போ வைத்தியமா வரும்னு கண்டிப்பா கேப்பாங்க. அஞ்சு வருஷம்னு சொல்லிடுங்க."

"அது நமக்கே தெரியாதே, சார்?"

"அதனாலதான் அஞ்சு. பத்துன்னா யாரும் காத்திருக்க மாட்டாங்க."

நிதி நின்றால் தட்டுகளுக்குச் சாப்பாடும் நின்றுவிடும். குளிர்பெட்டியில் உறையவைத்திருப்பது மட்டும் மிஞ்சும்.

மார்ச் 19, வியாழன்

தலைவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் என் வேலையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். 'ஸ்டெம் செல் முகப்பூச்சு.' ஆப்பிளிலிருந்து எடுத்ததாம்.

"உங்க கம்பெனிதானா மேடம்? நல்லா ஓடுது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். ஊருக்கு எங்களைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். நாங்களும் கதவைச் சாத்திக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தோம்?

மார்ச் 25, புதன்

தம்பிக்கு போன் செய்தேன். ஊசியைப் பற்றிப் பேசவில்லை. சனிக்கிழமை வா, உன்னுடையதை வந்து பார் என்றேன். ம் என்றான்.

மார்ச் 28, சனி

எங்கிருந்து தொடங்குவது?

அரங்கம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் நிதிக்குழு. பின்னால் பள்ளி ஆசிரியர்கள், ஒரு பஸ் கண்டக்டர், சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண், நான் அழைத்திருந்த மருந்துக்கடைக்காரர். ஓரத்தில் தம்பி, அவன் மனைவி, குட்டி. உள்ளே வரும்போதே அவன் காதில் மட்டும் சொன்னேன்: "திரையில வரப்போறது உன்னோடதுதான்."

தட்டை நுண்ணோக்கியில் வைத்தோம். பெரிய திரையில் அது எழுந்தது. சுவர் அகலத்துக்குத் துடித்தது. அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்ததை நான் கேட்டேன். கண்டக்டர் தன்னையறியாமல் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பேசப் பேச இடைவெளி நீண்டது. ஒரு துடிப்பு. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. பிறகு இல்லை.

நின்றுவிட்டது.

எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. எங்கள் அறை நுண்ணோக்கியில் தட்டு வைக்கும் மேடை எப்போதும் உடம்புச் சூட்டில் இருக்கும். பழகிப்போய், அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. அரங்கத்துக்குத் தூக்கி வந்தது சாதாரண நுண்ணோக்கி. போதாததற்கு, முன்வரிசைக்காக ஏசியை எவரோ கூட்டிவைத்திருந்தார்கள். இத்தனை பேர் இருந்தோமே ஆய்வகத்தில், ஒருத்தருக்காவது தோன்றியதா?

ஆனால் கூட்டத்துக்கு அது எப்படித் தெரியும்? "செத்துப்போச்சா?" என்று யாரோ கேட்டார்கள். தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"சாகல" என்று கத்தியேவிட்டேன். "குளிருது, அவ்வளவுதான். சூடு வந்தா திரும்பத் துடிக்கும்."

அப்போது அவன் எழுந்தான். மெதுவாக, நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து மேடைக்கு வந்தான். மூச்சு வாங்கியது.

"அது என்னோடதுங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "எனக்கு இதயத்துல கோளாறு. என் தோல்ல இருந்து இவங்க செஞ்சது." பிறகு என் பக்கம் திரும்பி, "கொடுக்கா, நான் வச்சிருக்கேன்" என்றான்.

மூடியிருந்த தட்டை அவன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்தேன். கிரீஸ் கறை போகாத கைகள். அரங்கத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. வாங்கி மறுபடி நுண்ணோக்கியில் வைத்தேன்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

ஒரு துடிப்பு. பிறகு அவசரமாக இரண்டு.

குட்டி "அப்பா!" என்று கத்தினாள். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. இந்த வேலைக்கு வந்த முதல் நாள் எப்படி வாயைப் பிளந்துகொண்டு நின்றேனோ அப்படியே நின்றேன்.

எல்லாம் அடங்கிய பிறகு குழுத் தலைவி கேட்டார். "இவருக்கு இது எப்போ வைத்தியமா கிடைக்கும்?"

ஓரத்தில் இயக்குநர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். நான் தம்பியைப் பார்த்தேன்.

"தெரியாதுங்க" என்றேன். "இவருக்குக் கிடைக்காமலே போகலாம். எந்த மருந்து இந்தத் துடிப்பை ஒழுங்காக்கும்னு இந்தத் தட்டுல தேடலாம். அதைத்தான் செஞ்சிட்டிருக்கோம். குணமாகும்னு தேதியோட சொல்றவங்க வேணும்னா வெளிய நிறைய பேர் இருக்காங்க, கையில ஊசியோட."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

மார்ச் 29, ஞாயிறு

இயக்குநர் போனில் சுருக்கமாகவே பேசினார். "அஞ்சுன்னு சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

சொந்தத் தம்பியின் முகத்துக்கு நேரே அவன் நம்பிக்கையை உடைத்துவிட்டேனோ? உண்மையைச் சொல்லிட்டேன்னு பெருமைப்பட்டு நான் என்ன பண்ணப் போறேன், அவன் போயிட்டா?

ஏப்ரல் 2, வியாழன்

தம்பி போன் செய்தான். ஊசி மையத்துக்குப் போயிருக்கிறான்.

"ஊசி போட்டுக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். என் செல்லை எனக்குக் காட்டுங்கன்னேன். நுண்ணோக்கியில, திரையில, எப்படியாவது. அங்க இருந்தவன், நம்பிக்கை வேணும் சார்னான். நம்பிக்கை இருக்கு, காட்டுன்னேன். பேச்சை மாத்திட்டான்."

"அப்புறம்?"

"வந்துட்டேன். குறிச்ச தேதியை ரத்து பண்ணிட்டேன்." பிறகு அவனே சொன்னான்: "அக்கா, அன்னிக்கு நீ தெரியாதுன்னு சொன்னப்ப கோவமா வந்துச்சு. ஆனா அதுக்கப்புறம்தான் நீ சொன்ன மத்ததெல்லாம் நிஜம்னு நம்பினேன்."



மே 14, வியாழன்

குழு முடிவு வந்தது. நாங்கள் கேட்டதில் பாதிதான், இரண்டு வருஷத்துக்கு. ஒரு நிபந்தனை: மாதம் ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்து மக்களுக்குக் காட்ட வேண்டும். தேதி சொல்லாததால்தான் உங்களுக்குக் கொடுக்கிறோம் என்று தலைவி சொன்னாராம். இயக்குநர் அதைத் தன் யோசனை என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும்.

ஜூன் 5, வெள்ளி

தம்பி மனைவி ஒத்துக்கொண்டாள். "இவர் காட்டுன்னு கேட்ட மாதிரி, நானும் பாத்துடறேன் அண்ணி" என்றாள். குட்டிக்குப் பரிசோதனை.

ஜூன் 19, வெள்ளி

இருக்கிறது.

ஜூலை 11, சனி

திறந்த சனிக்கிழமை. இந்த முறை சூடான மேடையோடு. தம்பிதான் வருகிறவர்களுக்கு விளக்குகிறான். வேலையைக் குறைத்துக்கொண்டான், துடிப்பு தவறினால் திருத்த நெஞ்சில் ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். பேச்சு மட்டும் குறையவில்லை.

"ஆளுங்க உள்ள நிக்கும்போது லிஃப்டைப் பிரிச்சுப் பாக்க முடியுமா? முடியாது. என்னை வச்சுக்கிட்டு என் இதயத்தையும் பிரிச்சுப் பாக்க முடியாது. அதான் வெளிய ஒண்ணு செஞ்சு வச்சுப் பாக்குறாங்க. இது பழுதான லிஃப்டு. எது கொடுத்தா ஒழுங்கா ஓடும்னு தேடுறாங்க."

ஒரு அம்மா கேட்டார்: "இதனால உங்களுக்கு என்னப்பா பிரயோஜனம்?"

"எனக்கா? ஒண்ணும் இல்லீங்க" என்றான், கிட்டத்தட்ட சந்தோஷமாக.

குட்டி நுண்ணோக்கிக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக்கொண்டாள். இடது முழங்கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. நேற்றுதான் தோல் எடுத்தோம். அழவில்லை. பக்கத்தில் நின்ற அவள் அம்மாதான் அழுதாள். குட்டி கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"அத்தை, என்னோடது எப்போ துடிக்கும்?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும்.

"வருஷக் கடைசிக்குள்ள" என்றேன்.