முழு இறுக்கத்திலிருந்து எத்தனை கிளிக்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காரின் குலுக்கலைத் தாங்கும் அப்சார்பர்களில் பின்பக்க இடது ஒழுகுகிறது. கார் பழுதுபார்க்கும் போமன் தங்கராஜு அடியில் படுத்து, விரலில் எண்ணெயைத் தொட்டு என் முகத்துக்கு நேரே காட்டினார். மற்ற மூன்றும் சாகக் காத்திருக்கின்றனவாம்.

எனக்குத் தெரியாமல் இல்லை. எஸ்டேட் முச்சந்தி மேட்டில் ஏறி இறங்கினால், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த பெண் மாதிரி கார் நாலு தடவை தலையாட்டுகிறது.

செப்டம்பர் 20 சிப்பாங் பந்தய மைதானத்தில் ஓடுதள நாள், அவரவர் காரை அவரவர் வேகமாக ஓட்டிப் பார்க்க. பணம் கட்டியாகிவிட்டது. ஆனால் வருஷத்தில் மூன்று நாள்தான் சிப்பாங். மிச்ச நாளெல்லாம் சிம்பாங் ரெங்கத்திலிருந்து செனாய் தொழிற்சாலைக்கு, செம்பனை லோரிகள் உழுது வைத்த சாலையில். எனவே கூட்டிக் குறைக்கிற வகைதான் வேண்டும். வேலைக்குப் போக மெத்தென்று, ஓடுதளத்தில் விறைப்பாக.

எதை வாங்குவது? யோசிக்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் யோசிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

கவினிடம் சொல்லிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

ஜூனில் எங்களுக்கு நிச்சயதார்த்தம் ஆனது, தையில் கல்யாணம். அதற்குள் ஒரு பெண் தன் காருக்குத் தானே அப்சார்பர் வாங்கிவிட்டால் என்ன ஆவது? இன்று ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் போனில் வகுப்பு. பிறகு பதினொரு வீடியோக்கள். சிங்கப்பூரில் மின்தூக்கி கம்பெனியில் இன்ஜினியர் அவர். மேலே போய்க் கீழே வருவது எதுவாக இருந்தாலும் தன் துறை என்று நினைக்கிறார். ஓடுதளத்தில் ஒரு சுற்றுகூட ஓட்டியதில்லை. கேட்டால், அதெல்லாம் ஒரே ஃபிசிக்ஸ்தானாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கவினும் கூட வந்தார். தங்கராஜு கடையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் அப்சார்பருக்கு ஒரே குமிழ். சக்கரம் மேட்டில் ஏறும்போது எவ்வளவு எதிர்ப்பது, இறங்கும்போது எவ்வளவு எதிர்ப்பது, இரண்டையும் சேர்த்தே கூட்டும் குறைக்கும். மற்றதில் இரண்டுக்கும் தனித்தனிக் குமிழ், ஒவ்வொன்றையும் திருப்ப முப்பத்திரண்டு கிளிக், கூடவே பந்தயக் காருக்கான ஸ்பிரிங். தங்கநிறம். கல்யாண மாப்பிள்ளைக்குப் போடலாம், அவ்வளவு அழகு.

இரண்டுக்கும் சோதனை வரைபடம் கேட்டேன். நாள் முழுக்கத் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் பாகங்களை அளந்து, சரியில்லாததை ஒதுக்குபவள் நான். படம் இல்லாமல் எதையும் நம்ப முடியாது. தங்கநிறத்தின் படத்தில் முதல் இருபது கிளிக்குக்குக் கோடு அசையவே இல்லை. திருப்புகிறவரின் மனத்திருப்திக்காக வைத்த இருபது.

தங்கராஜு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், எந்த ரோட்டில் அதிகம் ஓடப் போகிறது என்று. நான் வாயைத் திறப்பதற்குள் கவின், “லோஷிக்கு இதெல்லாம் புரியாது லா அண்ணே. பெரிய செட்டே போட்ருங்க, நான் பாத்துக்கறேன்” என்றார்.

தங்கராஜு என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தேன். ஒரு நாளில் நானூறு பாகங்களை வேண்டாம் என்று சொல்லும் வாய். அப்போது எங்கே போச்சு?

ஆகஸ்ட் 18, திங்கள்

மதிய இடைவேளையில் போன் செய்து, ஒற்றைக் குமிழ் செட்டை எடுத்து வைக்கச் சொன்னேன். தங்கராஜு சிரித்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

ஒற்றைக் குமிழ் விஷயம் தெரிந்து கவின் ஐந்து நாளாகப் பேசவில்லை. நிம்மதியாக இருக்கிறது என்று எழுதக் கூடாது, ஆனால் எழுதிவிட்டேன்.

அவர் பேசவில்லையே தவிர, அவர் அம்மா பேசினார், என் அம்மாவிடம். பிள்ளையின் பேச்சுக்கு இப்போதே மதிப்பில்லையாம். அம்மா சோற்றைக்கூடப் போடாமல் வந்து நின்றார். “அவரு சொல்றத வாங்கித் தொலையேண்டி. கல்யாணம் முக்கியமா, அப்சார்பர் முக்கியமா?”

நானே சோற்றைப் போட்டு வாயில் அடைத்துக்கொண்டேன். நல்லவேளை. வாயில் வந்த பதில் அம்மாவுக்குப் பிடித்திருக்காது.

செப்டம்பர் 6, சனி

பொருத்தியாயிற்று. முழு இறுக்கத்திலிருந்து எத்தனை கிளிக் தளர்த்தியிருக்கிறோம் என்றுதான் கணக்கு வைக்க வேண்டும் என்று தங்கராஜு சொல்லி அனுப்பினார். பன்னிரண்டு கிளிக் தளர்த்தி வீட்டுக்கு ஓட்டி வந்தேன். கார் மேட்டில் ஏறியது, இறங்கியது, அத்தோடு விஷயத்தை விட்டுவிட்டது. எவ்வளவு நல்ல குணம்!

கவின் சமாதானமாகி வந்தார். வாங்கத்தான் விடவில்லை, ட்யூனிங்காவது நான் செய்கிறேன் என்று நான்கையும் முழு இறுக்கத்தில், சுழி கிளிக்கில் வைத்தார். “ஹார்டா இருந்தாதான் கிரிப்பு.” எஸ்டேட் ரோட்டில் அவர் ஓட்ட, பத்து மேடு தாண்டுவதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு பள்ளத்தில் இறங்கிய சக்கரம் திரும்புவதற்குள் அடுத்தது வருகிறது. கார் கூனிக்கொண்டே போய் அடியில் இடிக்கிறது. அவர் முகத்திலோ பரவசம்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கெட்ட எண்ணம் வந்தது. பின்னால் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். காரை நிறுத்தினார். பின்பெட்டியைத் திறந்தேன், குமிழ் மேல் கையை வைத்தேன், இருமினேன், மூடினேன். திருப்பவில்லை.

இப்போது பின்பக்கம் நன்றாக உட்காருகிறது என்றார். மறுபடியும் இறங்கி அதையே செய்தேன். ஐயோ, ரொம்ப மெத்தென்று போய்விட்டது என்றார். மூன்றாவது தடவை ஸ்டியரிங்கைத் தட்டி, “இதான். இதான் செட்டிங். எழுதி வச்சிக்க” என்றார்.

எழுதி வைக்கிறேன்: சுழி, சுழி, சுழி.

தொழிற்சாலையில் ஒரே பாகத்துக்கு மூன்று அளவு காட்டும் கருவியில் சிவப்பு அட்டை மாட்டி மூலையில் வைப்போம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய கருவியை என்ன செய்வது?

அவரிடம் சொல்லவில்லை. ஏன்? பாவம் என்றா? பயம் என்றா?

செப்டம்பர் 14, ஞாயிறு

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. என் பெயருக்குக் கீழே படிப்பு இல்லை. அவருடையதற்குக் கீழே இரண்டு வரி.

செப்டம்பர் 20, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் வெயில். ஆறு கிளிக்கில் ஓட்டினேன். கார் சொன்ன பேச்சைக் கேட்டது. கடைசி வளைவில் நானே சத்தமாகச் சிரித்தேன், ஹெல்மெட்டுக்குள். மதியம் மழை. ஈரத்தில் சக்கரம் ரோட்டைப் பிடிக்க வேண்டுமென்று பதினான்குக்குத் தளர்த்தினேன்.

கவினை இரண்டாவது ஓட்டுநராகப் பதிந்திருந்தேன். அந்த வாரம் நல்ல மருமகளாக இருக்க முயன்றேன். எதையும் தொடாதீங்க, மெதுவா போங்க என்று சொன்னேன். தலையாட்டினார். நான் கழிவறைக்குப் போய் வந்தபோது காரில் ஏறியிருந்தார்.

இரண்டாவது சுற்று. வளைவில் பின்பக்கம் வழுக்கி, கார் ஒரு முழு வட்டம் அடித்து, புல்லில் போய் டயர் சுவரில் மோதியது. நான் ஓடினேன். எதை நினைத்து ஓடினேன்? அவரை நினைத்துத்தான். சத்தியமாக.

அவருக்குக் கீறல்கூட இல்லை. இறங்கியதும் முதல் வார்த்தை: “உன் டயரு சரியில்ல.”

முன்பக்கம் இடதில் நசுங்கிவிட்டது, விளக்கு இல்லை. லோரியில் ஏற்றும் முன் குமிழ்களை எண்ணினேன். நான்கிலும் சுழி. கையே வைக்கவில்லை என்கிறார்.

திரும்பி வரும்போது லோரியின் முன் இருக்கையில் மூவர்: டிரைவர், நான், அவர். சிரம்பான் தாண்டும்போது அவர் அம்மா கூப்பிட்டார். என் தோளில் அவர் தோள் இடித்துக்கொண்டிருந்தது. அப்படியே சொன்னார்: “லோஷிதான்மா ஓட்டுனா. மழையில கொஞ்சம் ஸ்பீடு. நான் சொன்னேன், கேக்கல.”

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “சும்மா சொன்னேன் லா. அம்மா பயந்துருவாங்க” என்றார்.

டிரைவர் மலாய்க்காரர். தமிழ் தெரியாது. ஆனாலும் ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அவர் அம்மா போன் செய்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கார் கூடாதாம். ஓட்ட மாட்டேன்னு இப்பவே எழுதிக் கொடுத்தாலும் சரியாம். எங்கம்மா அழுதுட்டே திட்டுறாங்க, நான் யாரையாச்சும் கொன்னுட்டு வந்த மாதிரி. நான் ஓட்டலம்மா, அவருதான் ஓட்டுனாருன்னு சொன்னேன். பழிய அவர் மேல போடாதேங்கிறாங்க. பெத்த வயிறு நம்பல. வேற யாருகிட்டப் போய்ச் சொல்றது — இந்த நோட்டுகிட்டயா?

செப்டம்பர் 24, புதன்

சாயங்காலம் கவின் வந்தார். பழத்தட்டோடு, மன்னிக்கிற முகத்தோடு. அம்மா தேநீர் கலக்க உள்ளே போனார்.

நான் ஒன்றுதான் கேட்டேன், யார் ஓட்டினார்கள் என்று அவர் அம்மாவிடம் சொல்லிவிட முடியுமா என்று. அவர் யோசித்தார். “இப்ப நான் ஓட்டுனேன்னு சொல்லி என்ன ஆவப் போவுது? உன் மேல ஏற்கெனவே கோவமா இருக்காங்க. அப்டியே போவட்டுமே.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

இந்தக் கல்யாணம் நடக்காது, நீங்களே அத்தையிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். “ஒரு அப்சார்பருக்காகவா?”

அப்போது சொல்லிவிட்டேன், அன்றைக்கு மூன்று தடவையும் நான் குமிழைத் திருப்பவே இல்லை என்று. அவர் பழத்தட்டை ஒரு விரலால் நேராக்கினார். பிறகு சொன்னார்:

“இல்ல. வித்தியாசம் இருந்துச்சு.”

அம்மா தேநீரைக் கொண்டு வரவே இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மோதிரம், சேலை, இரண்டும் அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தன. அழைப்பிதழ்கள் நூற்றைம்பதும் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. பின்பக்கம் வெள்ளை. கணக்குப் போட நல்ல தாள்.

அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கமா, இல்லையா, தெரியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

பெக்கான் நானாஸில் சித்தி வீட்டுப் புதுமனை விழா. தங்கராஜு முன்பக்கத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டார். விளக்கு புதிது, சாயம் கொஞ்சம் வேறு நிறம். பதினாறு கிளிக்கில் வைத்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன்.

பந்தியில் ஒரு பெரியம்மா, நல்ல சத்தமாக, கல்யாணம் ஏன் நின்றது என்று கேட்டார். நான் அப்பளத்தை நொறுக்கினேன். அம்மா சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“மாப்பிள்ள எம்பொண்ணு காரக் கொண்டு போயி இடிச்சாரு. இடிச்சிட்டு, இவதான் இடிச்சான்னாரு. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தவா?”

பெரியம்மா சோற்றில் குழி பறித்துக் காட்டினார்.

திரும்பும்போது அன்னாசித் தோட்டத்துப் பக்கம் ரோடு முழுக்கக் குழி. அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டு வாசலுக்கு வந்தும் எழுப்பவில்லை. எங்கள் தாமான் குடியிருப்பை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.