மணப்பெண் தின்னக்கூடாத கேக்

ஷாம் ஷூய் போ, ஹாங்காங்
5 செப்டம்பர் 1993

அன்புள்ள பூய்-யீ,

மான்செஸ்டர் மழையைப் பற்றி நீ புலம்பியிருந்ததைப் படித்தபோது இங்கே புயல்மழை என் மேஜையை நனைத்துக்கொண்டிருந்தது. ஆகவே உன்மேல் எனக்கு இரக்கம் பிறக்கவில்லை.

ஒரு செய்தி. திரு. யூன் என்னைத் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். சரி என்றேன். நவம்பரில் பதிவு. துறைமுகத்தில் கப்பல்களைச் சோதிக்கிறவர், மனைவியை இழந்தவர் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

சரி என்று சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலமாரியை அடுக்குகிறேன், கலைக்கிறேன், மறுபடி அடுக்குகிறேன். வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன். அவர் நல்லவர்தான். ஆனால் சூப்பை உறிஞ்சிக் குடிக்கிறார். செய்தித்தாளைப் படித்துவிட்டு மடிக்காமல் போடுகிறார். ஐம்பதை நெருங்குகிற வயதில் இன்னொருவருடைய செய்தித்தாளை மடிக்கத் தொடங்க வேண்டுமா?

இதற்கிடையில் அவருடைய அக்கா, கல்யாணக் கேக் கொடுத்தே தீர வேண்டும் என்கிறார். செலவு அவர்களுடையது, எந்த வகை, எத்தனை பெட்டி என்று பெண்வீட்டார் சொல்ல வேண்டும். பெண்வீட்டார் என்றால் இப்போது நான் மட்டும்தான். நம் தெருமுனை ரொட்டிக்கடைக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அன்னாசி பன் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? உன் கருத்தை எழுது. போனில் வேண்டாம், போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

அன்புடன்,
அக்கா சுக்-மான்


மான்செஸ்டர்
14 செப்டம்பர் 1993

என் அன்பு அக்கா,

கட்டிக்கொள்ளப்போகிறவரைத் 'திரு. யூன்' என்று எழுதுகிறாயே, அவர் என்ன உன் வீட்டு வாடகைதாரரா? முதலில் அவர் பெயரைச் சொல்லப் பழகு.

உறிஞ்சாமல் சூப் குடிக்கிற ஆண்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. அது ஒரு காரணமே இல்லை. உண்மையான காரணம் இருந்தால் எழுது, இல்லையென்றால் கேக்குக்குச் சொல்லிவிடு.

ஒன்றை மட்டும் மறக்காதே. மணப்பெண் தன் கல்யாணக் கேக்கைத் தின்னக்கூடாது. ஒரு துணுக்குகூட. ஊருக்குக் கொடுக்கும் கேக் அது. அவளே தின்றால் அவளுடைய நல்வாழ்வையே தின்றுவிட்டாள் என்று அர்த்தம். நான் தின்றேன். உனக்குத்தான் தெரியுமே. அன்றைக்குக் காலையிலிருந்து ஒருவரும் எனக்குச் சோறு போடவில்லை, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தாமரை விதை கேக் ஒன்றை முழுசாகத் தின்று தீர்த்தேன். அப்புறம் நடந்ததும் உனக்குத் தெரியும். "கேக் உன் கல்யாணத்தைக் கெடுக்கல, உன் புருஷன்தான் கெடுத்தான்" என்றாய். ஒரேயொரு கல்யாணத்தை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்று புள்ளியியல் பாடம் வேறு நடத்தினாய். இருக்கலாம். ஆனாலும் நீ தின்னாதே.

நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. கல்யாணத்துக்கு முதல்நாள் மணப்பெண்ணுக்குத் தலைவாரும் சடங்குக்குப் புருஷனும் பிள்ளையுமாக வாழ்கிறவள்தான் வேண்டும். புருஷனை விட்டுவந்த நான் ஒரு மூலையில் நிற்பேன், அவருடைய அக்கா என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பார். அந்த நாளில் உனக்கு எதற்கு அது? இங்கிருந்தே வாழ்த்துகிறேன்.

உன்,
பூய்-யீ


ஷாம் ஷூய் போ
25 செப்டம்பர் 1993

அன்புள்ள பூய்-யீ,

நேற்று மூன்றாவது முறையாகப் போனேன். நிலா விழாவுக்கு இன்னும் சில நாள்தான். கடை முழுக்க நிலா கேக் பெட்டிகள். நிற்க இடமில்லை. அந்தக் கடைக்கார அம்மாள் இன்னமும் பெண் என்று யார் வந்தாலும் "அழகி" என்றுதான் கூப்பிடுகிறார்.

"வா அழகி! இன்னிக்கும் அன்னாசி பன்தானா?"

கல்யாணக் கேக் என்றேன்.

"அட! பொண்ணுக்கு முடிஞ்சிருச்சா? இவ்ளோ பெரிய பொண்ணு இருக்கான்னு சொல்லவே இல்லியே!"

அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

"மாப்ள எப்படி?"

"நல்லவர்தான். அதிகம் பேசமாட்டார்."

"அதுக்கே நீ கோயிலுக்குப் போய் நன்றி சொல்லணும்! எங்க வீட்டுக்காரரு வாய் மூடுறதே இல்ல. இவரு பேச்சுக்குப் பயந்தே மாவு சீக்கிரம் பொங்குது."

அடுப்பறையிலிருந்து அவர் கணவரின் குரல் வந்தது: "பேச்சு நின்னா வியாபாரமும் நின்னுடும்டீ!"

"பொண்ணுக்கு மனசு இருக்கா? அதைச் சொல்லு மொதல்ல," என்றார் அம்மாள்.

"தெரியவில்லை," என்றேன். என்னைப் பற்றியே மூன்றாம் மனுஷியாக நின்று பேசுவது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? "சரி என்று சொல்லிவிட்டாள். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வழி தேடிக்கொண்டிருக்கிறாள்."

"வழி தேடுறவ ஏன் கேக்குக்கு அம்மாவ அனுப்புறா? அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள உறுதியா சொல்லிடு அழகி. அதுக்கப்புறம் என்னால ஆகாது." உடனே ஒரு தட்டில் ஒரு கேக்கை வைத்து என் முன்னால் தள்ளினார். மேலே சிவப்பு முத்திரை. அறுத்த இடத்தில் முட்டையின் மஞ்சள் கரு. "உங்க வீட்டுக்கு நான் போடப்போறது இதுதான். பொண்ணுதான் தொடக்கூடாது, நீ தாராளமா ருசி பாரு."

பூய்-யீ, நான் தேடிய வழி அந்தத் தட்டில் இருந்தது. ஒரு வாய் தின்றால் போதும். மாவும் பன்றிக்கொழுப்பும் சர்க்கரையும் யாருடைய வாழ்வையும் தீர்மானிப்பதில்லை என்று எனக்கு நானே காட்டிக்கொண்டதாகவும் இருக்கும். கல்யாணம் நடக்காவிட்டால் பழிபோட ஒரு காரணமும் கிடைக்கும். கையில் எடுத்தேன். வாய்வரை கொண்டுபோனேன்.

முடியவில்லை. திரு. யூனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று, படித்தவள் நினைக்கக்கூடாத நினைப்பெல்லாம் வந்தது. கேக்கைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

"ஏன், சக்கரையா?"

"இல்லை."

"பின்ன?"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார்: "ஏங்க, இங்க வாங்க! அம்மா இல்லீங்க, கல்யாணப் பொண்ணே இதுதான்!"

கடை முழுவதும் திரும்பியது. பையில் ரொட்டியோடு நின்ற பெரியவர் ஒருவர் எனக்கு வாழ்த்துச் சொன்னார். கையெல்லாம் மாவோடு வெளியே வந்த கணவர் என் முன்னாலிருந்த தட்டைப் பிடுங்காத குறையாக எடுத்தார். "அறிவிருக்கா உனக்கு? பொண்ணு கையிலயே குடுக்குறே!" என்று மனைவியைத் திட்டிவிட்டு, சுடச்சுட ஒரு முட்டை டார்ட்டை என் கையில் வைத்தார். "இதைத் தின்னும்மா. இதால ஒண்ணும் ஆகாது."

அங்கேயே நின்று தின்றேன். நாக்கு சுட்டுவிட்டது. வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை, பெட்டிகளுக்கு அப்போதே சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது உன் விஷயம். தலைவார, திரு. யூனின் அக்கா ஐந்து பிள்ளை பெற்ற ஓர் அம்மாளைப் பார்த்துவைத்திருக்கிறார். வேண்டாம் என்றேன். என் தலையை நீதான் வார வேண்டும். ஒரு கேக்குக்குப் பயந்தவள் இதற்கு மட்டும் பயப்படவில்லையா என்று நீ கேட்பாய். பயமில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. பாக்-ஹாங் (ஆமாம், அவர் பெயரைச் சொல்லப் பழகிவிட்டேன்) இதைக் கேட்டுவிட்டு, "உங்க தலை, உங்க தங்கச்சி. எங்க அக்கா கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வா.

அக்கா


ஷாம் ஷூய் போ
24 அக்டோபர் 1993

அன்புள்ள பூய்-யீ,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குக் கீழே இறங்கி நிற்கிறேன். காவலாளி, "யாரை எதிர்பாக்குறீங்க டீச்சர்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பெட்டிகள் வந்துவிட்டன. அண்டை வீடு, கல்லூரி, மாமாவின் குடும்பம், எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. வீடெல்லாம் வெண்ணெயும் எள்ளுமாக மணக்கிறது. அந்த வாசனையில் படிக்கவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. ஒரு பெட்டியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அது தபாலில் போகாது. அதிக நாள் தாங்கவும் தாங்காது. கெட்டுப்போனால் கடையில் வேறு வாங்கி வைப்பேன், அந்த அம்மாள் என்ன கேட்டாலும் சரி.

பாக்-ஹாங் நேற்று செய்தித்தாளை மடித்து வைத்தார். கோணலாக. நான் திருத்தவில்லை.

நீ வராவிட்டால் நானே வாரிக்கொள்வேன். வேறு யாரையும் என் தலையைத் தொட விடமாட்டேன். இது மிரட்டல் இல்லை, தகவல்.

அக்கா


மான்செஸ்டர்
29 அக்டோபர் 1993

அக்கா,

பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதனால்தான் தாமதம். இதை எழுதிவிட்டு விமானச் சீட்டு வாங்கப் போகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து உன் வீட்டு மணியை அடித்தாலும் அடிப்பேன்.

புதுச் சீப்பு நான் கொண்டுவருகிறேன். உன் யூனின் அக்கா முறைத்தால் முறைக்கட்டும், நானும் முறைப்பேன்.

பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதே. மஞ்சள் கரு வைத்தது எனக்கு. கதவுக்குப் பின்னால் இல்லை, இந்தத் தடவை மேஜையில் உட்கார்ந்து தின்கிறேன். நான் தின்னலாம் அக்கா, இது என் கல்யாணக் கேக் இல்லையே.

நீ தள்ளியே உட்கார்.

பூய்-யீ